மலை ஏறாத வருஷம்

என் பிரியமான அப்பாவுக்கு,

இந்த ஊரில் மறுபடியும் மே மாதம் வந்துவிட்டது. பனி போன இடங்களில் இன்னும் புல் முளைக்கவில்லை, சேறுதான். ஆனாலும் எதிர்வீட்டுக்காரர் பால்கனியில் நாற்காலி போட்டு, மேல்கோட்டைக் கழற்றாமலே வெயில் காய்கிறார். நீங்கள் இருந்திருந்தால் ஜன்னலருகே நின்று அவருக்கு ஒரு வணக்கம் வைத்திருப்பீர்கள். நான் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்க்கிறேன். உங்கள் மகளுக்கு அவ்வளவுதான் தைரியம்.

ஃப்ளாரன்ஸ் பயணத்துக்குத் தேதி போட்டாகிவிட்டது. அது எப்படி நடந்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். அவசரப்படாமல் கேளுங்கள்.

அந்த ஊர்ப் பேராலயத்தின் குவிமாடத்தை நீங்கள் எனக்கு முதன்முதலில் காட்டியது புத்தகத்தில் இல்லை, இந்தச் சமையலறை மேஜையில். நாம் இங்கு வந்து சேர்ந்த முதல் குளிர்காலம். ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன்மேல் அதைவிடப் பெரிய கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்தீர்கள். "இதுதான் உள் ஓடு. இது வெளி ஓடு. ரெண்டுக்கும் நடுவுல படிக்கட்டு. அதுல ஏறித்தான் உச்சிக்குப் போகணும்" என்றீர்கள். அம்மா அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்த்து, "ஓட்டுக்குள்ள ஓடுன்னா அது தேங்காயா? ரசக் கிண்ணத்தை வெச்சிட்டுப் போங்க" என்றாள்.

அடியில் மரச்சாரம் கட்டித் தாங்காமல், செங்கல்லை வளையம் வளையமாக அடுக்கியே அவ்வளவு பெரிய கூரையை அந்தரத்தில் மூடினார்கள் என்று சொல்லும்போது உங்கள் குரல் இறங்கிவிடும். ஒரு ரகசியம் சொல்வதுபோல. அதற்கு முன்னால் ஒரு தலைமுறைக்கும் மேலாக அந்தப் பேராலயம் நடுவில் பெரிய ஓட்டையோடு நின்றதாம். எப்படி மூடுவது என்று தெரியாமலே சுவர்களை எழுப்பிவிட்டார்கள். "எவ்வளவு நம்பிக்கை பாரு நிர்மலா. நமக்குத் தெரியாட்டி என்ன, பின்னால வர்றவனுக்குத் தெரியும்னு விட்டிருக்காங்க." பகலெல்லாம் சுரங்க ரயில் நிலையங்களின் கான்கிரீட் வளைவுகளைக் கணக்குப் போட்டுவிட்டு வரும் மனிதருக்கு, மாலையில் அந்தச் செங்கல் கூரைதான் ஓய்வாக இருந்தது.

அடுத்த வருஷம் போகலாம் என்றீர்கள். அடுத்த வருஷம் பாட்டி படுத்த படுக்கையானதால் விடுமுறை எல்லாம் மெட்ராஸுக்கே போயிற்று. அதற்கடுத்து என் கல்லூரி. அதற்கடுத்து அம்மாவின் கண் அறுவை சிகிச்சை. பிறகு இங்கே ஒலிம்பிக் அரங்கம் எழும்பத் தொடங்கியதும் ஊரில் உள்ள பொறியாளர்கள் எவருக்கும் விடுமுறை என்ற சொல்லே மறந்துபோனது. விளையாட்டுகள் முடிந்து கூட்டம் கலைந்தது. அந்தப் புரட்டாசியில் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லாமல், அலுவலக மேஜையில் தலை சாய்த்த வாக்கில் போய்விட்டீர்கள்.

அரங்கத்தின் கோபுரம் இன்னும் பாதியில்தான் நிற்கிறது, அப்பா. கூரையும் இல்லை. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நீங்கள் சொன்ன ஓட்டைப் பேராலயம் நினைவுக்கு வருகிறது. பின்னால் வருகிறவன் இதற்கும் வருவானா?

உங்கள் முதல் வருஷத் திதியை மெட்ராஸில் வைத்துச் செய்வதென்று மாசியிலேயே பேசி முடிவாயிற்று. ஆண்பிள்ளை இல்லாத வீடு என்பதால் சித்தப்பா செய்கிறார். நானும் அம்மாவும் ஆகஸ்டில் கிளம்ப வேண்டும். விமானம் ரோம் வழியாகப் போகிறது என்று கேள்விப்பட்ட அன்றே என் மனம் ரயில் ஏறிவிட்டது. ரோமில் இறங்கி, அங்கிருந்து ஃப்ளாரன்ஸ், மூன்று நாள், பிறகு மறுபடி ரோம், பம்பாய், மெட்ராஸ். நூலகத்தில் மதிய உணவு நேரத்தில் பெரிய படப் புத்தகங்களை எடுத்துவைத்துக்கொண்டு அந்த ஊரின் தெருக்களைப் பாடம் செய்தேன். நிலையத்திலிருந்து இடது பக்கம் திரும்பி நடந்தால், வீடுகளுக்கு நடுவே திடீரென்று அந்தச் சிவப்புக் குவிமாடம் தெரியும். அங்கே நின்று நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்? அல்லது ஒன்றும் சொல்லாமல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்திருப்பீர்களா?

டிக்கெட் போடுவது, இத்தாலியர்கள் நிறையக் குடியிருக்கும் வில்லரே பக்கத்தில் ஓர் இத்தாலிய அம்மாள். பெயர் ரோசா. கடை என்று சொல்ல முடியாத சின்ன அறை. சுவரில் விமானப் படங்களுக்கு நடுவே மாதா படம், அதற்கு ஒரு சின்ன மின்விளக்கு. அவர் என் பயணத் திட்டத்தைப் பார்த்துவிட்டு, மூன்று நாள் எந்த மூலைக்கு என்று பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலுமாகத் திட்டினார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

அன்று மாலை அம்மாவிடம் சொன்னேன். அம்மா கேட்டாள். "அங்க போய் என்ன பண்ணணும்?"

"குவிமாடத்து மேல ஏறணும்மா. அப்பா சொல்லுவாரே."

அம்மா காய் நறுக்குவதை நிறுத்தினாள். "வருஷம் திரும்பறதுக்குள்ள மலை ஏறக்கூடாதுடி."

அப்பா, நான் சிரித்துவிட்டேன். பிறகு அம்மா சிரிக்கவில்லை என்று கவனித்தேன்.

துக்கம் நடந்த வீட்டார் ஒரு வருஷத்துக்கு மலைக்கோயில் ஏறுவதில்லை என்பது எனக்கும் தெரிந்ததுதான். அதை அம்மா இந்த ஊரில் எப்படிக் கடைப்பிடித்தாள் என்பதுதான் உங்களுக்குத் தெரியாது. நீங்கள் போன பிறகு அம்மா, ஊர் நடுவே இருக்கும் இந்த மலை மேலே போகும் பஸ்ஸில் ஏறவே இல்லை. கிழக்கே எங்கே போவதானாலும் மலையைச் சுற்றிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, பனியில் காத்து நின்று போனாள். "நம்ம வீடே மலைச் சரிவுலதானேம்மா இருக்கு" என்று ஒருநாள் கேட்டதற்கு, "இது குடியிருக்கறது. அது ஏறறது" என்றாள். பதில் தயாராக வைத்திருந்தாள் போலிருக்கிறது.

இந்த வருஷம் சித்திரை முதல் தேதியன்று நம் வீட்டில் பண்டிகை கிடையாது அல்லவா? அதனால் டாக்டர் சுந்தரம் மாமா புறநகர் புவாண்ட்-கிளேரிலிருந்து காரை எடுத்துக்கொண்டு வந்து, "பண்டிகைக்கு இல்ல, சும்மா சாப்பிட வாங்க" என்று எங்களை அழைத்துப் போனார். உங்களோடு ஞாயிறு தோறும் சீட்டாடிய மேஜையில்தான் சாப்பாடு. மாமாவின் அடுத்த வீட்டுக்குக் குடிவந்திருக்கும் தவமணி அக்காவும் இருந்தார். யாழ்ப்பாணம், கணவர் கணக்காளர், வந்து இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. நான் ஆதரவு தேடி விஷயத்தை அங்கே அவிழ்த்தேன். அவ்வளவுதான், குழம்பு ஆறிப்போயிற்று.

மாமாதான் முதலில் தீர்ப்புச் சொன்னார். "அண்ணி, டெக்னிகலா பார்த்தா அது ஒரு பில்டிங். மலை இல்ல."

"லிஃப்ட் இருக்கா டாக்டர்?" என்றாள் அம்மா.

"ஐநூறு வருஷத்துக்கு முன்னால கட்டினது அண்ணி. லிஃப்ட்டுக்கு எங்க போவாங்க?"

"அப்ப மலைதான்."

தவமணி அக்கா கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். "மலை எண்டால் கடவுள் செய்தது அக்கா. இது மனிசர் கட்டினது தானே? மாடி ஏறுறது குற்றமே? நாங்கள் அப்பிடிப் பாத்தால் மாமாட வீட்டு மேல் அறைக்கும் போகேலாது."

"அப்படிச் சொல்லுங்க!" என்று மாமா மேஜையைத் தட்டினார்.

"கோயில்தானே அது?" என்று கேட்டார் மாமாவின் மனைவி மங்களம் மாமி. "மலையை விடுங்க. கொடிமரம் இருக்கற கோயிலுக்கே போகக்கூடாதுன்னு எங்க வீட்டுல சொல்லுவாங்க. சர்ச்சுல கொடிமரம் உண்டா நிர்மலா?"

மறுமலர்ச்சிக் காலக் கட்டடக்கலை பற்றி என்னிடம் யாரும் கேட்டிராத கேள்வி அது. நான் படித்த எந்தப் புத்தகத்திலும் விடை இல்லை. "இல்லைன்னு நினைக்கிறேன் மாமி" என்றேன்.

"நினைக்கிறியா, தெரியுமா?"

"நீ சும்மா இரு மங்களம்" என்றார் மாமா. "நம்ம ஊரு சாஸ்திரம் எழுதினவனுக்கு இத்தாலியே தெரியாது."

அம்மா அதுவரை தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "எங்க வீட்டு ஜன்னல்லேர்ந்து பார்த்தா மலைச்சரிவுல அந்தப் பெரிய சர்ச் தெரியும். அதோட படியில ஜனங்க முழங்கால் போட்டு ஏறறாங்க. நான் பார்த்திருக்கேன். அவங்களுக்கும் ஏறறதுதான் வேண்டுதல். அப்ப அது மலைக்கோயில் இல்லாம வேற என்ன?"

தவமணி அக்கா என் பக்கம் குனிந்து, "பிள்ளை, உங்கட அம்மா வக்கீலுக்குப் படிச்சிருக்க வேணும்" என்றார்.

நீங்கள் எவ்வளவு ரசித்திருப்பீர்கள்! அம்மாவை ஜெயிக்க முடியாதபோது நீங்கள் மெல்ல எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பீர்களே, அன்று மாமா அப்படித்தான் எழுந்து போனார்.

நாங்கள் கிளம்பும்போது நடந்ததை வைத்துத்தான் எனக்கு விஷயம் விளையாட்டாக இல்லாமல் போனது. நடையில் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தோம். அம்மா தன் குளிர்கோட்டின் கையைத் தவமணி அக்காவின் தோளோடு வைத்து அளந்து பார்த்தாள். "உனக்குச் சரியா இருக்கும் போல. ஆகஸ்ட்ல கொடுத்துட்டுப் போறேன்."

"ஐயோ அக்கா, பேந்து நீங்கள் வந்து என்ன போடுவியள்?"

அம்மா சிரித்தாள். தன் கோட்டின் பொத்தான்களைப் போடத் தொடங்கினாள்.

அப்பா, சித்தப்பா பங்குனியில் ட்ரங்க் கால் போட்டிருந்தார். திதி ஏற்பாடுகளைப் பேசிவிட்டு, "அண்ணி இனிமே இங்கேயே இருக்கட்டும்மா. மாடி ரூமை ஒழிச்சு வெச்சாச்சு. நீயும் எத்தனை நாள் அந்தக் குளிர்ல?" என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். நான் ரிசீவரை அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா "சரி, சரி, பார்க்கலாம்" என்று சொன்னாள். எது சரி, எதைப் பார்க்கலாம்? தனிநாடு கேட்கும் கட்சி ஜெயித்த அந்தத் தேர்தலுக்குப் பிறகு இங்கே பாதிப்பேர் டொராண்டோவுக்கு மூட்டை கட்டுகிறார்கள். நமக்குத் தெரிந்த வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாகின்றன. இந்த வீட்டில் அம்மாவுக்கு என்ன இருக்கிறது? நான் காலையில் நூலகத்துக்குப் போனால் இருட்டின பிறகு வருகிறேன். அவள் பேச ஆளில்லை. மெட்ராஸில் அவளுக்குத் தங்கைகள் இருக்கிறார்கள், காய்கறிக்காரி இருக்கிறாள், வாசலில் நின்றால் நாலு பேர் இருக்கிறார்கள்.

இதை நான் அம்மாவிடம் கேட்கவில்லை. "நீ திரும்பி வருவியா?" என்பது மூன்று சொல். கேட்டால் அவள் எனக்காகப் பொய்யாக ஒரு பதில் சொல்லிவிடுவாளோ என்ற பயம். ரோசா அம்மாள் டிக்கெட் விவரம் எழுதும்போது, என் திரும்பும் தேதியைக் கேட்டு எழுதினார். அம்மாவுடையதைக் கேட்டபோது நான், "இப்போதைக்குத் தேதி வேண்டாம்" என்றேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு அந்த இடத்தைக் காலியாக விட்டார்.

அதனால்தான் போகும் வழியில் ஃப்ளாரன்ஸ் என்று நான் அவ்வளவு பிடிவாதமாக நின்றேன். வரும் வழியில் நான் ஒருத்தியாக இருக்கலாம். அம்மா அதைப் பார்ப்பதானால் போகும்போது பார்த்தால்தான் உண்டு.

இந்த வாரங்களில் ஒரு கனவு அடிக்கடி வருகிறது. பகலில், பஸ்ஸில், மலை வளைவில் வண்டி மெதுவாகத் திரும்பும்போது. நான் அந்த இரண்டு ஓடுகளுக்கு நடுவே ஏறிக்கொண்டிருக்கிறேன். சுவர் இரண்டு பக்கமும் சாய்ந்து என் தோளைத் தொடுகிறது. செங்கல் வெதுவெதுப்பாக இருக்கிறது, யாரோ இப்போதுதான் கை வைத்து எடுத்ததுபோல. மேலே எங்கோ உங்கள் இருமல் கேட்கிறது. சின்ன ஜன்னல் ஒன்று வருகிறது. எட்டிப் பார்த்தால் கீழே ஃப்ளாரன்ஸ் இல்லை, நம் செயின்ட் லாரன்ஸ் நதி, அதில் பனிக்கட்டிகள் மெல்ல நகர்ந்து போகின்றன. இன்னும் ஏறுகிறேன். உச்சி வரவில்லை. ஆனால் களைப்பும் இல்லை. யாராவது மணி இழுத்து இறங்கும்போதுதான் விழித்துக்கொள்கிறேன். சில நாள் என் நிறுத்தம் தாண்டிப் போயிருக்கிறது.

நீங்கள் அந்த இடத்தை இவ்வளவு ஆசைப்பட்டது எதற்காக அப்பா? கட்டட வித்தைக்காக மட்டுமா? உச்சியில் போய் என்ன பார்க்க நினைத்தீர்கள்? கேட்டிருக்கலாம். நீங்கள் எப்போதும் எப்படிக் கட்டினார்கள் என்றே சொன்னீர்கள், நானும் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசியில் போன வாரம் நான் இறங்கி வந்தேன். "சரிம்மா, ஏற வேண்டாம். கீழே சதுக்கத்துல நின்னு பார்த்துட்டு வந்துடலாம். தரையில நிக்கறதுக்கு எந்த சாஸ்திரமும் தடை இல்லையே?"

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த புடவையை மடித்து முடித்தாள். பிறகு, "தரையில நின்னு பார்க்கறதுக்கா அந்த மனுஷன் இத்தனை வருஷம் கிண்ணம் கவிழ்த்தார்?" என்றாள். மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

நேற்று சனிக்கிழமை. டிக்கெட்டுக்குக் கடைசியாக உறுதி சொல்ல வேண்டிய நாள். அம்மா தானும் வருவதாகச் சொன்னாள். வழக்கம்போல மலையைச் சுற்றிக்கொண்டு போனோம். ரோசா அம்மாள் எழுந்து நின்று அம்மாவை வரவேற்றார். அம்மா தனக்குத் தெரிந்த "பொன்ஜூர்" சொன்னாள். ரோசா என்னிடம் ரகசியமாக, "விதவையா?" என்று கேட்டார். ஆமாம், இன்னும் வருஷம் முடியவில்லை என்றேன். அவர் ஊரிலும் வருஷம் முடியும்வரை திருவிழாவுக்குப் போக மாட்டார்களாம். அதை நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அம்மா அந்த அறையை, மாதா படத்தை, ரோசாவின் முகத்தை ஒருமுறை பார்த்தாள்.

ரோசா தாளை எடுத்து வைத்தார். "ஆகஸ்டில் ஃப்ளாரன்ஸ், மூன்று நாள். சரிதானே?"

நான் தலையாட்டப் போனேன். அம்மா என் கையைப் பிடித்தாள். "போறப்போ வேண்டாம்னு சொல்லு."

"அம்மா, இதைத்தானே இத்தனை நாள்..."

"முழுசாக் கேளுடி. திதி எப்போ வருது?" அவளே விரல்விட்டு எண்ணினாள். "புரட்டாசிலயே முடிஞ்சுடும். அதுக்கப்புறம் எந்த மலை வேணும்னாலும் ஏறலாம். வரப்போ வெச்சுக்கச் சொல்லு. ஐப்பசில."

இத்தனை மாதம் கேட்காததை அந்நியர் ஒருவர் முன்னால்தான் கேட்க வேண்டியிருந்தது. "வரப்போ... நான் மட்டும்தானேம்மா வருவேன்?"

அம்மா என்னைப் பார்த்த பார்வை உங்களுக்குத் தெரியும். பால் பொங்கவிட்டுவிட்டுப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தால் பார்ப்பாளே, அது.

"ஓட்டுக்குள்ள இருட்டுப் படியில உன்னைத் தனியா ஏறவிட்டுட்டு நான் மாடி ரூம்ல உட்கார்ந்து என்ன பண்ணப் போறேன்? சித்தப்பாகிட்ட நான் பேசிக்கறேன். ரெண்டு பேருக்கும் போடச் சொல்லு."

நான் உடனே மொழிபெயர்க்கவில்லை. ரோசா இருவரையும் பார்த்துவிட்டு, தமிழ் தெரியாமலே பேனாவைத் திறந்தார். அம்மா மேஜைக்குக் குறுக்கே கையை நீட்டி, தாளில் காலியாக விட்டிருந்த அந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினாள். "அக்டோபர்" என்றாள் ஆங்கிலத்தில், நிதானமாக. ரோசா எழுதினார்.

அவள் இதை எப்போது முடிவுசெய்தாள்? துணி மடித்தபோதா, அந்த அறையில் நின்றபோதா, அல்லது முதலிலிருந்தேவா? கேட்கப்போவதில்லை. அவளுக்கும் தனக்கென்று சில அறைகள் இருக்கட்டும்.

ஐப்பசியில் ஏறுகிறோம் அப்பா. நான் முன்னால் போக மாட்டேன். அம்மா மூச்சு வாங்க நிற்கும் ஒவ்வொரு படியிலும் நானும் நிற்பேன். எவ்வளவு நேரமானாலும் பின்னால் வருகிறவர்கள் காத்திருக்கட்டும். செங்கல் எப்படி அடுக்கினார்கள் என்று நான் அவளுக்கு விளக்கப்போவதும் இல்லை. அவள் என்ன கேட்கிறாளோ அதற்கு மட்டும் பதில். உச்சிக்குப் போனதும் முதலில் அவள்தான் பார்ப்பாள். இது சத்தியம்.

அம்மாவைத் திரும்ப அழைத்து வரும் உங்கள் ஒரே மகள்,
நிர்மலா